சுழற்சி டைமர்

மின் கருவி ஒன்றைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சிறிது நேரம் நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டு, ஆள் தலையீடின்றி இதே சுற்றைத் தொடர்ந்து நடத்தும் கட்டுப்பாட்டுக் கருவி சுழற்சி டைமர் எனப்படும். மின் கடைகளில் இது சைக்ளிக் டைமர் என்ற பெயரில் விற்கப்படுகிறது. நாற்றங்கால்களில் நீர் தூவுதல், மண்ணில்லா வேளாண்மையில் நீர் பாய்ச்சுதல், மீன் தொட்டிகளில் காற்றூட்டல், கோழிப் பண்ணைகளில் காற்றோட்டம், ஆலைகளில் எந்திரங்களுக்கு எண்ணெய் விடுதல் எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது.

இக்கருவியில் நேரத்தை அமைப்பது எளிது. ஆனால் சுற்று குறுகக் குறுக, ஒரு நாளில் மின்சுற்று இணைந்து பிரியும் எண்ணிக்கை பெருகுகிறது. டைமரின் ஆயுளையும் அதனுடன் இணைந்த மோட்டாரின் ஆயுளையும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையே முடிவு செய்கிறது. எனவே இதைப் பொருத்துமுன் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதோடு, நாளொன்றுக்கு எத்தனை முறை ஓடத் தொடங்கும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

பிற டைமர்களிலிருந்து வேறுபாடு

வீட்டுச் சுவரில் செருகும் டைமர்கள் பெரும்பாலும் நாள் டைமர்கள். இவற்றின் பழைய வகையில் ஒரு வட்டமும் அதன் விளிம்பில் அழுத்தக்கூடிய சிறு பற்களும் இருக்கும். ஒரு பல் 15 நிமிடத்தைக் குறித்தால் 24 மணி நேரத்துக்கு 96 பற்கள் வரும். ஆகவே 15 நிமிடத்துக்குக் குறைவான நேரத்தை இதில் அமைக்க இயலாது. வட்டத்தைச் சுற்றும் சிறு மோட்டார் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடுவதால், மின்சாரம் நின்றால் வட்டமும் நிற்கும். இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பின் அந்த டைமர் இரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

எண்காட்டி கொண்ட நாள் டைமர்களில் உள்ளே சிறு மின்கலம் இருப்பதால் மின்வெட்டின்போதும் நேரம் தவறுவதில்லை. எனினும் பெரும்பாலானவற்றில் குறைந்தபட்ச நேரம் 1 நிமிடம். ஒரு நாளுக்கு அமைக்கக்கூடிய கட்டளைகளும் குறிப்பிட்ட எண்ணிக்கையே. பத்து விநாடி ஓட்டம், பத்து நிமிட நிறுத்தம் போன்ற வேலைக்கு இவை பொருந்தா.

சுழற்சி டைமருக்கு இப்போது மணி என்ன என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஓட்ட நேரம், நிறுத்த நேரம் ஆகிய இரண்டு அளவுகளே. இவற்றைத் தனித்தனியே அமைக்க இரண்டு திருகுகள் இருக்கும். மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் ஓட்டத்தைத் தொடங்கும் வகையும், முதலில் நிறுத்தத்தைத் தொடங்கும் வகையும் உண்டு. பகலில் மட்டும் சுழற்சி வேண்டுமானால் நாள் டைமரின் வழியாகச் சுழற்சி டைமருக்கு மின்சாரம் தருவது வழக்கம். காலை 6 மணிக்கு நாள் டைமர் மின்சாரத்தைக் கொடுக்கும். மாலை 6 மணிக்கு அது துண்டிக்கும் வரை சுழற்சி டைமர் தன் சுற்றை நடத்தும்.

செயற்படும் விதம்

சுழற்சி டைமரில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று நேரத்தை அளக்கும் பகுதி. மற்றொன்று மின்சுற்றை இணைத்துப் பிரிக்கும் பகுதி.

நேரம் அளப்பதற்கு எளிய வழி, ஒரு மின்தேக்கி மின்தடையின் வழியாக நிரம்பி வடிவதைப் பயன்படுத்துவது. ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த 555 என்னும் சில்லு இம்முறையில் இயங்குகிறது. சில விநாடிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். பல நிமிடங்கள் தேவைப்படும்போது பெரிய மின்பகு மின்தேக்கி வேண்டியிருக்கும். அத்தகைய மின்தேக்கிகளில் கசிவு உண்டு. அவற்றின் அளவு குறித்த மதிப்பிலிருந்து 20 விழுக்காடு வரை வேறுபடலாம். வெப்பநிலையோடும் மாறும். அதனால் நீண்ட நேரங்களுக்கு, வேகமான சிறு துடிப்புகளை உண்டாக்கி அவற்றை எண்ணும் முறை சிறந்தது. 4060 வகைச் சில்லு 16,384 துடிப்புகளுக்கு ஒன்று என்ற அளவு வரை பிரித்துத் தரும். இன்றைய டைமர்கள் பலவற்றில் இவ்வேலையை நுண்கட்டுப்படுத்திச் சில்லு செய்கிறது.

இணைத்துப் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் ரிலே செய்கிறது. ரிலேயின் சுருளில் மின்சாரம் பாயும்போது அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகட்டின் நுனியில் உள்ள தொடுமுனை எதிர்முனையைத் தொட்டவுடன் கருவிக்கு மின்சாரம் செல்லும்.

ஓட்ட விகிதம்

ஒரு முழுச் சுற்றில் கருவி ஓடும் நேரத்தின் பங்கு ஓட்ட விகிதம் ஆகும். 15 நிமிட ஓட்டமும் 45 நிமிட நிறுத்தமும் கொண்ட சுற்றில் இது 25 விழுக்காடு. 1,000 வாட் சூடேற்றியை இவ்வாறு ஓட்டினால் சராசரித் திறன் 250 வாட் மட்டுமே. ஆனால் ஓடும் நேரத்தில் கம்பியிலும் தொடுமுனையிலும் 1,000 வாட்டுக்குரிய மின்னோட்டம் முழுமையாகப் பாயும். சராசரியைப் பார்த்து மெல்லிய கம்பி போடுவது தவறு.

மைக்ரோவேவ் அடுப்புகள் பலவற்றில் குறைந்த திறன் என்ற அமைப்பு இவ்வகைச் சுழற்சியே. அடுப்பு சில விநாடிகள் முழுத் திறனோடு ஓடி, சில விநாடிகள் ஓய்வு கொள்ளும். உணவுக்குள் வெப்பம் பரவ நேரம் எடுப்பதால் இந்த இடைவெளி சமையலில் தெரிவதில்லை.

15 விநாடி ஓட்டம், 45 விநாடி நிறுத்தம் என்று வைத்தாலும் ஓட்ட விகிதம் அதே 25 விழுக்காடுதான். ஆனால் இணைப்பு எண்ணிக்கை 60 மடங்காகிறது.

தொடுமுனையின் ஆயுள்

ரிலேக்களுக்கு இரண்டு ஆயுட்கணக்குகள் தரப்படுகின்றன. மின்சுமை இல்லாமல் வெறுமனே அசைவதற்கான ஆயுள் சிறு ரிலேக்களில் பொதுவாக 1 கோடி முறை. குறித்த முழுச் சுமையோடு இணைந்து பிரிவதற்கான ஆயுள் பொதுவாக 1 லட்சம் முறை. ஒவ்வொரு முறையும் தொடுமுனைகளுக்கு இடையே தோன்றும் தீப்பொறி சிறிதளவு உலோகத்தை உருக்குவதே இந்தப் பெரிய வேறுபாட்டுக்குக் காரணம்.

நாள் முழுதும் ஓடும் மூன்று சுற்றுகளை ஒப்பிடலாம்.

15 நிமிட ஓட்டம், 45 நிமிட நிறுத்தம்: நாளுக்கு 24 முறை. 1 லட்சம் முறை முடிய 11 ஆண்டுகளுக்கு மேலாகும்.

10 விநாடி ஓட்டம், 9 நிமிடம் 50 விநாடி நிறுத்தம்: நாளுக்கு 144 முறை. 1 லட்சம் முறை முடிய ஏறத்தாழ 23 மாதங்கள் ஆகும்.

5 விநாடி ஓட்டம், 55 விநாடி நிறுத்தம்: நாளுக்கு 1,440 முறை. 1 லட்சம் முறை 69 நாட்களில் முடிந்துவிடும்.

மூன்றிலும் டைமர் ஒன்றே, ரிலேயும் ஒன்றே. முதல் சுற்றில் பத்தாண்டு உழைக்கும் பொருள், மூன்றாவது சுற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காமல் போகலாம்.

சுமையின் தன்மை

மேலே சொன்ன 1 லட்சம் என்பது சூடேற்றி போன்ற எளிய தடைச் சுமைக்குரிய கணக்கு. வேறு சுமைகளுக்கு ஆயுள் இதைவிடக் குறையும்.

மோட்டார் நேரடியாகத் தொடங்கும்போது அதன் இயல்பான மின்னோட்டத்தைப் போல் 6 முதல் 8 மடங்கு வரை இழுக்கும். 1 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைக் கட்ட மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் எடுக்கும் என்றால், தொடங்கும் கணத்தில் அது 36 ஆம்பியரைத் தாண்டலாம். டங்ஸ்டன் இழை பல்புகள் குளிர்ந்த நிலையில் 10 மடங்குக்கு மேல் இழுக்கும். எல்.இ.டி. விளக்குகளின் உள்ளே இருக்கும் மின்தேக்கி நிரம்பும் நேரம் மிகச் சிறிது என்றாலும், அந்த நேரத்துக்குள் பாயும் மின்னோட்டம் மிகப் பெரிது. இத்தகைய தொடக்க மின்னோட்டத்தால் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்வதுண்டு.

மோட்டார், சுருள் வால்வு போன்ற தூண்டல் சுமைகளில் பிரியும் கணமும் கடினமானது. சுருளில் சேர்ந்துள்ள ஆற்றல் தொடுமுனைகளுக்கு இடையே தீப்பொறியாக நீளும். மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் அத்தீப்பொறி விரைவில் அணைகிறது. நேர்திசை மின்சாரத்தில் இந்த உதவி கிடையாது. பல ரிலேக்களின் மேல் 250 வோல்ட் மாறுதிசைக்கு 10 ஆம்பியர் என்றும், நேர்திசைக்கு 30 வோல்ட் மட்டுமே என்றும் அச்சிட்டிருப்பது இதனால்தான்.

டைமரின் மேல் 16(2) ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், 16 என்பது தடைச் சுமைக்கும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2 என்பது தூண்டல் சுமைக்கும் உரிய அளவு. முன் எழுத்தை மட்டும் படித்து மோட்டாரை நேரடியாக மாட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மோட்டாரும் அடிக்கடி தொடங்குதலும்

தொடுமுனையைப் போலவே மோட்டாரும் தொடக்கங்களால் தேய்கிறது. கம்பிச் சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் 6 மடங்கானால் வெப்பம் 36 மடங்காகும். தொடக்கத்துக்கு 1 விநாடி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு விநாடி 36 விநாடிகள் ஓடியதற்குச் சமமான வெப்பத்தைச் சுருளில் சேர்க்கிறது. நிமிடத்துக்கு 10 விநாடி மட்டும் ஓடும் மோட்டார், பார்வைக்கு ஆறில் ஒரு பங்கு நேரமே உழைக்கிறது. அதன் வெப்பக் கணக்கோ 45 விநாடிகளுக்குரியது. மேலும் அதன் குளிர்விசிறி அந்தப் பத்து விநாடி மட்டுமே சுற்றுகிறது. அதிகம் ஓடாத மோட்டார் ஏன் எரிந்தது என்ற கேள்விக்கு இதில் விடை உண்டு.

மோட்டாரின் பெயர்த்தகட்டில் எஸ்1 என்றிருந்தால் அது தொடர்ந்து ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. எஸ்3 என்பது இடைவிட்ட ஓட்டத்தைக் குறிக்கும். ஆனால் அவ்வகையில் தொடக்க மின்னோட்டத்தின் வெப்பம் பொருட்படுத்தும் அளவுக்கு இராது என்று கொள்ளப்படுகிறது. தொடக்க வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வகை எஸ்4. மணிக்கு எத்தனை தொடக்கங்கள் வரை அனுமதி என்பதை மோட்டார் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்க்க வேண்டும். ஒற்றைக் கட்ட மோட்டார்களில் தொடக்கத்துக்கென்று தனி மின்தேக்கி இருந்தால், அதுவும் சில விநாடிகள் மட்டும் இணைப்பில் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. பொதுவாக மணிக்கு 20 தொடக்கங்களே அதன் எல்லை.

குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம் ஆகியவற்றின் கம்ப்ரசரைக் குறுகிய சுற்றில் ஓட்டக்கூடாது. நின்றவுடன் குழாயின் இரு பக்கமும் அழுத்த வேறுபாடு இருக்கும். அது சமமாவதற்குச் சுமார் 3 நிமிடம் தேவை. அதற்குமுன் தொடங்கினால் கம்ப்ரசர் திணறி, சூடேறி நிற்கும். குளிர்பதனப் பெட்டிக்கான ஸ்டெபிலைசர்கள் மின்சாரம் வந்த பின்னும் சில நிமிடம் காத்திருந்து இணைப்பது இதற்காகவே.

பனிமூட்ட அறை: ஓர் எடுத்துக்காட்டு

நாற்றங்கால்களில் மிஸ்ட் சேம்பர் என்று அழைக்கப்படும் பனிமூட்ட அறை, சுழற்சி டைமரின் நன்மையையும் சிக்கலையும் ஒருங்கே காட்டும் இடம். செடியிலிருந்து வெட்டி நட்ட தண்டுத் துண்டுக்கு வேர் இல்லை. ஆனால் இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். வேர் பிடிக்கும் வரை இலையின் மேல் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் ஆவியாதல் குறையும். நீரைத் தொடர்ந்து தூவினால் நடவூடகம் ஊறிக் குளிர்ந்து தண்டு அழுகும். அதனால் சில விநாடிகள் தூவி, சில நிமிடங்கள் நிறுத்துவது முறை. வெயில் நாளில் இடைவெளியைக் குறைத்தும், மேகமூட்ட நாளில் நீட்டியும் வைப்பர். இரவில் பெரும்பாலும் தேவைப்படாது.

இதற்குப் பலர் செய்வது, டைமரின் ரிலே வழியாகவே மோட்டாரை ஓட்டுவது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 விநாடி ஓட்டினால், 12 மணி நேரப் பகலில் மோட்டார் 72 முறை தொடங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 720 முறை. தொடுமுனை கருகி இணைப்பு அற்றுப்போனால், கோடை நண்பகலில் சில மணி நேரத்தில் துண்டுகள் வாடிவிடும். தொடுமுனை ஒட்டிக்கொண்டால், கவனிக்கும் வரை நீர் தூவிக்கொண்டே இருக்கும். இரண்டில் எது நடந்தாலும் பல வார உழைப்பு வீணாகும்.

சிறந்த அமைப்பில் டைமர் மோட்டாரைத் தொடுவதில்லை. அது 24 வோல்ட்டில் இயங்கும் ஒரு சுருள் வால்வை மட்டுமே திறந்து மூடுகிறது. இவ்வால்வு எடுக்கும் மின்னோட்டம் அரை ஆம்பியருக்கும் குறைவு. மோட்டார் ஓர் அழுத்தத் தொட்டியை நிரப்புகிறது. தொட்டியில் அழுத்தம் குறையும்போது அழுத்த சுவிட்சு அதைத் தொடக்குகிறது.

மணிக்கு 30 லிட்டர் தூவும் முனைகள் 20 இருந்தால், 10 விநாடியில் செலவாகும் நீர் ஏறத்தாழ 1.7 லிட்டர். தொட்டி ஒருமுறை நிரம்பினால் 25 லிட்டர் தரும் என்றால், 15 தூவலுக்கு ஒருமுறைதான் மோட்டார் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக இருந்த தொடக்கம் இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்றாகிறது. இலைக்குக் கிடைக்கும் நீர் குறைவதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பொதுவிதி: அடிக்கடி இணைத்துப் பிரிக்க வேண்டுமானால், பெரிய மோட்டாரை விட்டுவிட்டு, ஓட்டத்தைத் தடுக்கவல்ல மிகச் சிறிய உறுப்பை இணைத்துப் பிரிக்க வேண்டும்.

இணைக்கும் உறுப்பைத் தேர்ந்தெடுத்தல்

மோட்டாரையே சுழற்சியில் ஓட்டுவது தவிர்க்க முடியாததானால், டைமரைக் கொண்டு கான்டாக்டரின் சுருளை இயக்கி, கான்டாக்டரைக் கொண்டு மோட்டாரை இயக்க வேண்டும். கான்டாக்டரின் மேல் ஏ.சி.1, ஏ.சி.3 என்று வெவ்வேறு ஆம்பியர்கள் அச்சிட்டிருக்கும். ஏ.சி.1 தடைச் சுமைக்கு. மோட்டாருக்குப் பார்க்க வேண்டியது ஏ.சி.3. முழு வேகம் எட்டுமுன்பே நிறுத்தும் அளவுக்கு ஓட்ட நேரம் குறுகியதானால் இன்னும் கடினமான ஏ.சி.4 கணக்கு தேவைப்படும்.

சூடேற்றிகளைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை இயக்க, அசையும் பாகமில்லாத திண்ம நிலை ரிலே ஏற்றது. மின்னழுத்தம் சுழியைத் தொடும் கணத்தில் இணைக்கும் வகையில் தீப்பொறியும் மின் இரைச்சலும் மிகக் குறைவு. ஆனால் இதன் வழியே பாயும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் 1 வாட் அல்லது சற்று மேலாக வெப்பம் உண்டாகும். ஆகவே அலுமினிய வெப்பத்தகடு கட்டாயம். பழுதானால் இது பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தீப்பொறியைக் குறைக்கத் தொடுமுனைக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியும் தொடராக இணைப்பதுண்டு. மின்தேக்கி நேரடி மின்வழங்கலைத் தாங்கும் எக்ஸ் வகையாக இருக்க வேண்டும். தொடுமுனை பிரிந்திருக்கும்போதும் இதன் வழியே 230 வோல்ட்டில் சுமார் 7 மில்லி ஆம்பியர் கசியும். அணைத்த பின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரிவதற்கு இது ஒரு காரணம்.

மின்வெட்டும் பழுதும்

மின்சாரம் போய் வந்ததும் டைமர் எந்த நிலையில் தொடங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பல மோட்டார்கள் உள்ள இடத்தில் எல்லா டைமர்களும் ஓட்டத்தில் தொடங்கினால், அவை ஒரே கணத்தில் மின்னோட்டத்தை இழுத்து மின்னழுத்தத்தைத் தாழ்த்தும். முதலில் நிறுத்தத்தைத் தொடங்கும் வகையைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் சற்று வேறுபட்ட நிறுத்த நேரம் வைத்தால் இது நேராது.

பனிமூட்ட அறையில் மின்சாரம் இல்லாதபோது திறந்திருந்து, மின்சாரம் கிடைத்தால் மூடும் வால்வைப் பயன்படுத்துவதுண்டு. மின்வெட்டு வந்தால் அழுத்தத் தொட்டியில் மீதமுள்ள நீர் தூவப்படும். நாற்றுகளுக்குச் சிறிது அவகாசம் கிடைக்கும். மேல்நிலைத் தொட்டியை நம்பினால் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தமே கிடைக்கும் என்பதால், நீர் பனியாகப் பிரியாமல் துளிகளாகச் சொட்டலாம்.

கிணற்றில் நீர் வற்றியதும், குழாய் அடைத்ததும், மோட்டார் இறுகியதும் டைமருக்குத் தெரியாது. அது தன் நேரம் வந்ததும் இணைக்கும். அதனால் நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் கருவியும் ஓவர்லோட் ரிலேயும் தேவை. ஓவர்லோட் ரிலே தானாக மீளும் அமைப்பில் இருந்தால், இறுகிய மோட்டாரை டைமர் திரும்பத் திரும்பத் தொடக்கிக்கொண்டிருக்கும். கையால் அழுத்தி மீட்கும் அமைப்பே இங்கு நல்லது.

பாதுகாப்பு

டைமர் நிறுத்த நிலையில் இருப்பது மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகாது. மோட்டார் நின்றிருப்பதைப் பார்த்து ஒருவர் பெல்ட்டிலோ விசிறியிலோ கை வைத்த அடுத்த விநாடியே அது சுழலத் தொடங்கலாம். பழுது பார்க்குமுன் இரு கம்பிகளையும் பிரிக்கும் தனி சுவிட்சை அணைத்து, பிறர் போடாதபடி பூட்ட வேண்டும். எந்திரத்தின் அருகே இது தானாக ஓடும் என்ற பலகை இருக்க வேண்டும்.

ஒற்றைத் தொடுமுனை கொண்ட ரிலே மின்கட்டக் கம்பியைத்தான் பிரிக்க வேண்டும். நியூட்ரலைப் பிரித்தால் கருவி நிற்கும். ஆனால் அதன் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இருமுனைப் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே இந்நிலை வரக்கூடும்.

நீர் தெறிக்கும் இடத்தில் டைமரை மூடிய பெட்டிக்குள் உயரத்தில் வைத்து, நல்ல நிலமிணைப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்த வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது அவசியம். 230 வோல்ட் இணைப்பு வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விடுவதே முறை.

பொருத்துமுன் பார்க்க வேண்டியவை

ஒரு நாளில் எத்தனை இணைப்புகள். ரிலேயின் அல்லது கான்டாக்டரின் ஆயுளை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை நாட்கள். மோட்டார் மணிக்கு எத்தனை தொடக்கங்களைத் தாங்கும். ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும், கருகினால் என்ன ஆகும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். கிடைக்கும் நாட்கணக்கு குறைவாக இருந்தால் மூன்று வழிகள் உள்ளன. ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் ஒரே விகிதத்தில் நீட்டலாம். சுமையைச் சிறிய உறுப்புக்கு மாற்றலாம். இரண்டுக்கும் இடமில்லையென்றால், கணக்கிட்ட நாள் வருமுன்பே ரிலேயை மாற்றிவிடலாம். விலை குறைந்த அந்த உறுப்பைக் குறித்த நாளில் மாற்றுவது, அது கருகும் வரை காத்திருந்து நாற்றுகளையோ மோட்டாரையோ இழப்பதைவிட எளிது.